காபன் றிம்மா, அலோய் றிம்மா? வன்னியில் ரேஸ் சைக்கிள் ஓடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று அலுத்துப்போய் சைக்கிளை எடுத்தவர்களில் சிலர் அதைத் திரும்பக் கீழே வைக்கவில்லை. ஞாயிறு விடியற்காலையில் கிளிநொச்சியிலிருந்து ஆனையிறவு வரையோ, தெற்கே முறிகண்டி, மாங்குளம் வரையோ ஓடிவிட்டு வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். எனக்குக் கம்பி கோத்துச் சில்லுப் பூட்டத் தெரியும் என்பதால் தொலைபேசியில் வருகிற கேள்விகளில் பாதி றிம்மை, அதாவது ரயர் உட்காருகிற சில்லின் வெளிவளையத்தை, பற்றியதாகவே இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எதை வாங்குவது?

வன்னியில் இருந்து, வன்னி வீதிகளில் ஓடுகிறவர் என்றால் அலோய். பத்துப் பேர் கேட்டால் எட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்கிறேன். மிஞ்சிய இரண்டு பேர் யார் என்பது கீழே போகப் போகத் தெரியும்.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன?

அலோய் றிம் அலுமினியக் கலவையை அச்சில் தள்ளி, நீளமாக எடுத்து, வளையமாக வளைத்து, இரண்டு முனைகளையும் பொருத்தியோ ஒட்டவைத்தோ செய்வது. அடி பட்டால் நெளியும். காபன் றிம் காபன் இழைத் துணிகளைப் பிசினில் தோய்த்து, அச்சுக்குள் அடுக்கடுக்காக வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்குவது. அது நெளியாது. ஒன்றில் தாங்கும், அல்லது வெடிக்கும்.

காபன் போட்டால் வேகம் கூடுமா?

கூடும், கொஞ்சம். ஆனால் அந்த வேகம் காபனால் வருவதில்லை, றிம்மின் உயரத்தால், அதாவது ரயர்ப் பக்கத்திலிருந்து கம்பிப் பக்கம் வரை உள்ள ஆழத்தால், வருவது. 45, 50 மில்லிமீற்றர் உயரமான றிம் காற்றைக் கிழித்துப் போகும்போது பின்னால் குழப்பம் குறைவு. அந்த உயரத்தை அலுமினியத்தில் செய்தால் சில்லு இரும்பு மாதிரிக் கனக்கும். அதனால்தான் உயரமான றிம்கள் காபனில் வருகின்றன.

மணிக்கு 30 கிலோமீற்றரில் சமதரையில் போகும்போது உங்கள் பலத்தின் பெரும்பகுதியைக் காற்றுத்தான் தின்கிறது. அதிலும் பெரிய பங்கு உங்கள் உடம்புக்கு. சில்லுக்கு உள்ளது சின்னப் பங்கு. நல்ல உயர் றிம் சில வாட் மிச்சம் பிடித்துத் தரும். போட்டியில் 40இல் ஓடுகிறவருக்கு அது பெறுமதியானது. 26, 27இல் கதைத்துக்கொண்டு ஓடுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

இதோடு ரயரை ஒப்பிட்டுப் பாருங்கள். சைக்கிளோடு வந்த மலிவான, தடித்த ரயரைக் கழற்றிவிட்டு நல்ல ரேஸ் ரயர் ஒரு சோடி போட்டால், ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீற்றர் வேகத்தில் 15 முதல் 20 வாட் வரை மிச்சம் வரும். காபன் சில்லின் விலையில் பத்தில் ஒரு பங்கு கூடச் செலவாகாது. என்னிடம் காபன் கேட்டு வருகிற எல்லோரிடமும் முதலில் அவர்களுடைய ரயரைத்தான் பார்க்கிறேன்.

பாரம் குறைவு என்கிறார்களே? சுற்றுகிற பாரம் இரட்டிப்பு என்றும் சொல்கிறார்கள்.

சொல்வது சரிதான், ஆனால் வேகம் எடுக்கும் நேரத்தில் மட்டும். சாதாரண அலோய் சில்லுச் சோடி 1,600 முதல் 1,900 கிராம் வரை இருக்கும். நடுத்தரக் காபன் சோடி 1,400 முதல் 1,600. வித்தியாசம் 300 கிராம் என்று எடுங்கள். அது முழுவதும் விளிம்பிலேயே இருந்தாலும் வேகம் எடுக்கும்போது 600 கிராமாகத்தான் கணக்கு. 80 கிலோவில் 600 கிராம் என்றால் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. ஒரே வேகத்தில் போகும்போது அதுவும் இல்லை.

மலை இருந்தால் கதை கொஞ்சம் மாறும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏறத்தாழ 75 கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள், மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எங்களுக்கு மலை என்றால் எதிர்காற்றுத்தான்.

அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனையிறவில் உயரமான றிம்மோடு போகலாமா?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்காமல் வாங்கிவிட்டுப் பயந்து திரும்பி வந்தவர்கள்தான் கூட.

மே மாதம் தொடங்கிச் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும். பரந்தன் தாண்டி ஆனையிறவுக்குப் போகும்போது இரண்டு பக்கமும் வெளி. மரமோ மதிலோ இல்லை. போகும்போது காற்று இடப்பக்கம் பின்னாலிருந்து தள்ளுவதால் சந்தோசமாகத்தான் இருக்கும். திரும்பி வரும்போது அதே காற்று வலப்பக்கம் முன்னாலிருந்து வரும். நீங்கள் உங்களை அறியாமலே வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து ஓடுவீர்கள். அந்த நேரம் ஒரு பஸ் உங்களை முந்துகிறது என்று வையுங்கள். பஸ் மறைத்ததும் காற்று ஒரு கணம் நின்றுபோகும். நீங்கள் சாய்ந்த பக்கம், அதாவது பஸ் பக்கமாக, சைக்கிள் போகும். பஸ் கடந்ததும் காற்று மொத்தமாக வந்து அறையும். இப்போது வீதிக் கரைக்குத் தள்ளும். 25 மில்லிமீற்றர் றிம்மில் இது ஒரு சின்ன ஆட்டம். 50, 60 மில்லிமீற்றர் முன் சில்லில் ஹான்டிலைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். ஆள் 55 கிலோ என்றால் இன்னும் மோசம்.

பூநகரிப் பக்கம் ஓடுகிறவர்களுக்குச் சங்குப்பிட்டிப் பாலமும் இதே மாதிரித்தான்.

உயரமான றிம்தான் வேண்டும் என்றால் முன்னுக்கு 35 மில்லிமீற்றருக்கு மேல் போகாதீர்கள். ஹான்டிலோடு திரும்புவது முன் சில்லு. காற்று பிடித்து ஆட்டுவதும் அதைத்தான். பின்னுக்கு 50 போட்டாலும் அவ்வளவு தெரியாது. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு உயரம் போடுவது பிழை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கிடங்கில் விழுந்தால் காபன் உடையுமா?

நல்ல காபன் றிம் பல அலோய் றிம்களை விட அதிகம் அடி தாங்கும். இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். காபன் என்றால் கண்ணாடி என்று நினைப்பது தவறு. கேள்வி, தாங்காத அந்த ஒரு அடிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பின்னேரம் போய்க்கொண்டிருந்தேன். காப்பெற் வீதி, வழுக்கிக்கொண்டு போகிறது. வீதிக் கரையில் நெல் காயப்போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி விலகும்போது மதகு முடிகிற இடத்தில் தார் பெயர்ந்திருந்ததைக் காணவில்லை. பின் சில்லில் 'டக்' என்று ஒரு சத்தம். காற்றுப் போகவில்லை, நெளிவும் இல்லை. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் சில்லைத் துடைக்கும்போது ஒரு கம்பித் துவாரத்திலிருந்து தலைமயிர் அளவில் ஒரு கோடு. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நகம் தட்டுப்பட்டது. இரண்டு ரூபாய்க் குற்றியால் றிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டு வந்தேன்: எல்லா இடமும் 'டிக் டிக்' என்று கூர்மையாகக் கேட்டது, அந்தக் கோட்டுக்குக் கிட்ட வந்ததும் ஈரப் பலகையில் தட்டுகிற மாதிரி 'தொப்' என்று அடங்கியது. உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். அந்த றிம் அன்றோடு சரி. வேறு றிம் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

அதே கிடங்கில் அலோய் றிம் விழுந்திருந்தால் விளிம்பு உள்ளே மடிந்திருக்கும். சில்லின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கிற டிஸ்க் பிறேக் சைக்கிள் என்றால் மெதுவாக நிமிர்த்திக்கொண்டு பல நாள் ஓடலாம். சில்லு ஆடினால் எந்தச் சந்தியிலும் நெளிவு எடுக்க ஆள் இருக்கிறார். என் ஊரில் ஒரு ஐயா இருக்கிறார், அளவு பார்க்கும் கருவி ஒன்றும் இல்லை. கம்பியை விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டு, "இது இளக்கம் தம்பி" என்று கம்பியின் முனையை றிம்மோடு பிடிக்கிற நிப்பிளைக் கால் சுற்றுத் திருப்புவார். சில்லு கயிறு மாதிரி நேராக வந்துவிடும். அலோய் றிம்முக்கு இந்த மண்ணில் வைத்தியர் இருக்கிறார். காபனுக்கு இன்னும் இல்லை.

ஏ9, ஏ35 மாதிரிப் பெரிய வீதிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அதிலிருந்து இறங்கி உங்கள் வீட்டுக்கு வருகிற கடைசி இரண்டு கிலோமீற்றர் எப்படி? கிரவல் என்றால் அதையும் கணக்கில் எடுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் அதில்தான் தொடங்குகிறது, அதில்தான் முடிகிறது.

என் சைக்கிள் றிம் பிறேக். காபன் போடலாமா?

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

றிம் பிறேக்கில் கட்டை நேராக றிம்மின் பக்கச்சுவரில் உரசுகிறது. உரசினால் சூடு. அலுமினியம் சூட்டை வேகமாகப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். காபன் விடாது, சூடு உரசின இடத்திலேயே நிற்கும். பிசின் தாங்கும் அளவைத் தாண்டினால் சுவர் இளகும், உள்ளே இருக்கிற காற்றழுத்தம் அதை வெளியே தள்ளும். வன்னியில் இந்த அளவு சூடு வராது, உண்மை. ஆனால் இங்கிருந்து நுவரெலியா ஓடவேண்டும் என்று ஆசைப்படாத ஆள் யார்? அது ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். 80 கிலோ பாரம் 1,000 மீற்றர் இறங்கும்போது விடுகிற சக்தி ஏறத்தாழ 785 கிலோஜூல். இரண்டரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கொஞ்சத்தைக் காற்று வாங்கும், மிச்சம் பிறேக்குக்குத்தான்.

சூட்டை விடுங்கள், மழையைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்த காபன் சுவரில் கட்டை பிடிக்க நேரம் எடுக்கும். மாடு வீதியில் படுத்திருக்கிற ஊரில் அந்த நேரம் எங்களிடம் இல்லை. அதோடு, காபனுக்குத் தனிப் பிறேக் கட்டை வேண்டும். அலோய் றிம்மில் பாவித்த கட்டையை அப்படியே போட்டால் அதில் ஒட்டியிருக்கிற அலுமினியத் துகள் காபனை அறுத்துவிடும்.

டிஸ்க் பிறேக் என்றால் இந்தப் பிரச்சினை ஒன்றும் இல்லை. றிம்முக்கும் பிறேக்குக்கும் தொடர்பே இல்லை. தொழில்முறைப் போட்டிகளில் 2018 இல் டிஸ்க் பிறேக் முழுமையாக அனுமதிக்கப்பட்ட பிறகுதான் காபன் இவ்வளவு பரவலானது. மேலே சொன்ன அந்த இரண்டு பேரில் ஒருவராக இருக்க முதல் நிபந்தனை இதுதான்: சைக்கிள் டிஸ்க் பிறேக்காக இருக்கவேண்டும்.

வழியில் காற்றுப் போனால் கடையில் பார்க்கலாம்தானே?

பார்க்கலாம், ஆனால் ஆயத்தமாகப் போகவேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் வன்னி முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல் மூட்டை, நோயாளி, இடம்பெயர்ந்தபோது முழு வீடு, எல்லாம் கரியரில் போயின. அந்தக் காலம் வளர்த்துவிட்ட கைகள்தான் இன்றும் எங்கள் கடைகளில் இருக்கின்றன. அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களிடம் இருக்கிற சாமான் பெரும்பாலும் பாரம் ஏற்றுகிற பெரிய சைக்கிளுக்குரியது.

பெரிய சைக்கிளின் 28 அங்குல, ஒன்றரை அங்குலத் தடிப்பு ரயர் உட்காருகிற விட்டம் 635 மில்லிமீற்றர். ரேஸ் சைக்கிளின் 700சி ரயருக்கு 622. பார்வைக்கு ஒன்றுதான், 13 மில்லிமீற்றர் வித்தியாசம். ஒன்று மற்றதில் ஒருநாளும் இருக்காது. "28 இருக்கு, போடலாம்" என்று சொன்னால் ரயரின் பக்கத்தில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது வால்வு. எங்கள் றிம்மில் துவாரம் 6.5 மில்லிமீற்றர், மெல்லிய பிரெஸ்ரா வால்வுக்குரியது. கடைப் பம்மும் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற கம்பரசரும் அதற்கு நேராகப் பொருந்தாது. பித்தளையில் ஒரு சின்ன அடப்டர் வரும், மிகவும் மலிவு. அதைச் சைக்கிள் பையில் எப்போதும் வைத்திருங்கள்.

இங்கேதான் உயர் றிம் மறுபடி தொல்லை தருகிறது. சாதாரண அலோய் றிம்முக்கு 40, 48 மில்லிமீற்றர் வால்வுள்ள ரியூப் போதும். 50 மில்லிமீற்றர் றிம்முக்கு 70, 80 வேண்டும். கூட ஓடுகிற நண்பனிடம் ரியூப் கடன் வாங்கினாலும் வால்வு வெளியே எட்டிப் பார்க்காது. நெருஞ்சியும் உடைமுள்ளும் உள்ள நாட்டில் இது சின்ன விசயம் இல்லை.

ஹூக்லெஸ் றிம் என்று மலிவாக வருகிறதே?

ரயரின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற கொக்கி இல்லாத றிம் அது. ரியூப்லெஸ்ஸுக்கென்று, அதாவது உள்ளே ரியூப் இல்லாமல் ஓடுவதற்கென்று செய்த, பொருத்தம் உறுதிப்படுத்திய ரயர்தான் போடவேண்டும். காற்றழுத்தம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது. 2024 பெப்ரவரியில் யூஏஈ டூர் போட்டியில் பெல்ஜிய வீரர் தோமஸ் டி கென்ட் விழுந்தபோது ரயர் இப்படியான றிம்மை விட்டுக் கழன்றது. அதன் பிறகு இதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. பம்மில் அழுத்தமானி இல்லாமல் கையால் அமத்திப் பார்த்துக் காற்றடிக்கிற எங்களுக்கு இது வேண்டாம். கொக்கி உள்ள றிம்மாகப் பார்த்து வாங்குங்கள்.

வெயிலும் உப்பும் காபனைக் கெடுக்குமா?

எங்கள் வெயில் காபனை உருக்காது. ஆனால் காற்றைப் பெருக்கும். காலையில் 25 பாகையில் 80 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, மூடிய வாகனத்துக்குள் 60 பாகையில் வைத்தால் உள்ளே ஏறத்தாழ 91 ஆகிவிடும். நிழலில் வையுங்கள்.

உப்பு வேறு கதை. முல்லைத்தீவுக் கடற்கரை, நந்திக்கடல், ஆனையிறவு உப்பளப் பக்கம் அடிக்கடி ஓடுகிறவர்கள் நிப்பிளைக் கவனியுங்கள். காபனும் அலுமினியமும் உப்பீரத்தில் ஒன்றோடொன்று பட்டால் அலுமினியம் அரிக்கும். வெள்ளை மாவு மாதிரிப் பூத்துவரும், பிறகு ஒருநாள் நிப்பிள் தலை கழன்றுவிடும். காபன் சில்லில் பித்தளை நிப்பிள்தான் போடவேண்டும். சில கிராம் கூடும், பரவாயில்லை. நிப்பிள் றிம்முக்குள் ஒளிந்திருக்கிற வகையையும் தவிருங்கள். நெளிவு எடுக்க ரயரையே கழற்றவேண்டி வரும்.

சரி, அலோய்தான். என்ன பார்த்து வாங்குவது?

உள்ளகலம் 19 அல்லது 21 மில்லிமீற்றர். அதில் 28, 30, 32 மில்லிமீற்றர் ரயர் நன்றாக உட்காரும். முன்னுக்கு 24 அல்லது 28, பின்னுக்கு 28 அல்லது 32 கம்பி. 80 கிலோவுக்கு மேல் என்றால் பின்னுக்கு 32 தான். கம்பி வளைந்த தலையுள்ள வட்டக் கம்பியாக இருக்கட்டும். தட்டைக் கம்பி, நேர்த் தலைக் கம்பி எல்லாம் அழகு. ஒன்று அறுந்தால் கொழும்புக்குச் சொல்லி அனுப்பவேண்டும்.

றிம் பிறேக் ஓடுபவர்கள் பக்கச்சுவர் தேய்வதை மறக்கவேண்டாம். மழைக் காலத்தில் கிரவல் மண் கட்டையில் ஒட்டி உப்புத்தாள் போலத் தேய்க்கும். அநேகமான றிம்களில் ஒரு சின்னக் குழியோ கோடோ போட்டிருப்பார்கள். அது அழிந்தால் றிம் முடிந்தது. அடையாளம் இல்லாவிட்டால் ஒரு அடிமட்டத்தைச் சுவரில் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் சுவர் குழிந்துவிட்டது. ஓடாதீர்கள்.

பாவித்த காபன் சில்லு ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

நேரில் பார்க்காமல் எடுக்கவேண்டாம். பார்க்கும்போது குற்றியால் தட்டுங்கள், ஒவ்வொரு கம்பித் துவாரத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள், ரயரைக் கழற்றி உள் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். ரயரைக் கழற்ற விற்கிறவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

என் மகள் பாடசாலைப் போட்டிக்கு ஓடுகிறாள். மற்றப் பிள்ளைகள் காபன் வைத்திருக்கிறார்கள். வாங்கிக் கொடுக்காமல் விட்டால் பின்தங்கிவிடுவாளா?

அம்மா, இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், மூன்று பேரும் கடன் வாங்க யோசித்துக்கொண்டு. தயவுசெய்து வேண்டாம். 28 மில்லிமீற்றர் நல்ல ரயர் ஒரு சோடி, ஒழுங்காக நெளிவு எடுத்த அலோய் சில்லு, அவள் உயரத்துக்குச் சரியாக வைத்த இருக்கை. இவ்வளவும் போதும். அவள் 50 கிலோ என்றால் 60 பிஎஸ்ஐ அடித்துவிடுங்கள். கல்லு மாதிரி இறுக்க அடிப்பது வேகம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், கரடுமுரடான தாரில் அது குதித்துக் குதித்து வேகத்தைக் குறைக்கும்.

இரண்டு மூன்று வருடம் ஓடி, மாகாண மட்டத்தில் மணிக்கு 35, 40 என்று தொடர்ந்து ஓடுகிற நிலைக்கு வந்தால், டிஸ்க் பிறேக் சைக்கிளும் இருந்தால், அப்போது காபனைப் பற்றிக் கதைப்போம். முதலில் நான் சொன்ன அந்த இரண்டு பேரில் ஒருத்தி அப்போது அவள்தான். அப்போதும் அந்தச் சில்லு போட்டி நாளுக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் பயிற்சிக்கு அலோய். இப்போதைக்குச் சனிக்கிழமை காலையில் அவளுடைய சில்லைக் கொண்டுவாருங்கள், கம்பி எல்லாம் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.